ஏழாம் கட்டிலுக்கு மட்டும்

“அந்தப் பொண்ணு இனிமே என் பக்கமே வரக்கூடாது, சொல்லிட்டேன்!” ஏழாம் கட்டிலில் படுத்திருந்த தையல்கடைக்காரர் தலைமை நர்ஸிடம் கொதித்தார்.

நியாயமான கோபம்தான். வார்டுக்கே கலகலப்பு அந்த நர்ஸ். ஆறாம் கட்டில் பெரியவர் சாப்பாடு வேண்டாமென்றால் கதை சொல்லியே தட்டைக் காலி செய்ய வைப்பாள். எட்டாம் கட்டில் வாத்தியாருக்கு ஊசி என்றால் நடுக்கம். அவரைப் பாடச் சொல்லிவிட்டு, பல்லவி முடிவதற்குள் குத்திவிடுவாள். ஏழாம் கட்டிலுக்கு வந்தால் மட்டும் முகம் இஞ்சி தின்ற குரங்காகிவிடும்.

இத்தனைக்கும் முதல் நாள் நன்றாகத்தான் இருந்தாள். வயிற்றில் ஆபரேஷன் முடிந்து கண்விழித்தவரிடம், குதிரை ஒன்று டாக்டரைப் பார்க்கப் போன ஜோக்கை ஆரம்பித்தாள். பாதியிலேயே அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சட்டென்று நிறுத்திவிட்டுப் போனவள்தான். அப்புறம் ஒரு புன்னகைகூட இல்லை.

“டிவியில காமெடி வந்தா அணைச்சிடுறா. பார்க்க வந்த மச்சானை வாசல்லயே திருப்பி அனுப்பிட்டா. நான் என்ன பாவம் பண்ணேன்?”

“எங்கண்ணன் வந்தாதான் இவருக்குப் பொழுதே போகும்” என்று மனைவியும் ஒத்து ஊதினாள்.

தலைமை நர்ஸ் அந்த நர்ஸைக் கூப்பிட்டாள். “உன்னை வேற வார்டுக்கு மாத்திடவா?”

“ஒரே ஒரு நாள் குடுங்க மேடம். நாளைக்கும் அவர் வேணாம்னு சொன்னா, நானே போயிடறேன்.”

கொழுப்புதான் என்று வார்டே முடிவு கட்டியது.

மறுநாள் டாக்டர் வந்து தையலைப் பிரித்தார். “பிரமாதமா ஆறியிருக்கு. ஒண்ணுகூட விட்டுக் குடுக்கலை!” தையல்கடைக்காரரும் குனிந்து, தொழில்காரர் பார்வை பார்த்துவிட்டு, போனால் போகிறதென்று தலையாட்டினார்.

டாக்டர் நகர்ந்ததும் நர்ஸ் வந்தாள். அதே உம்மணாமூஞ்சி. அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவள் வயிற்றை மெல்ல அழுத்தினாள். “வலிக்குதா?”

“இல்ல.”

“எங்கே, நல்லா இருமுங்க.”

இருமினார். “வலிக்கல. இப்ப அதுக்கென்ன?”

அவள் வாசலைப் பார்த்துக் கையசைத்தாள். மச்சான் உள்ளே வந்தார். நர்ஸ் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்; இத்தனை நாளும் அடக்கி வைத்த சிரிப்பு அவளையும் மீறிப் பீறிட்டது.

“அப்புறம் அந்தக் குதிரை டாக்டர்கிட்ட என்ன சொல்லுச்சு தெரியுமாண்ணா?”