எந்தக் காரணத்துக்காகவும்

"பச்சைக் குழந்தை கீழ கிடந்து துடிச்சிருக்கு. இவன் இருபது நிமிஷமா நட்ட கம்பம் மாதிரி நின்னிருக்கான்."

கத்தியவளுக்குக் குழந்தைகள் காப்பகத்தில் அகராதியம்மா என்று பெயர். அகராதி தொகுக்கும் வேலையால் பாதி, வாயால் பாதி.

சறுக்குமரத்தடியில் அவளுடைய நாலு வயது மகள் கிடந்தாள். முழங்கைக்குக் கீழே கை வளைந்திருந்தது. பால் வாங்கப் போயிருந்த ஆயா அப்போதுதான் ஓடி வந்து, குழந்தையின் தலையை மடியில் வைத்திருந்தாள்.

பக்கத்தில் நெட்டை மாமா. அங்கே வேலை பார்க்கும் ஒரே ஆண். பிள்ளைகள் வைத்த பெயர்.

"உள்ள தூக்கிட்டுப் போகக்கூட உனக்குக் கை வரலையா?"

அவர் கதவுப் பக்கம் பார்த்தார்.

"இன்னைக்குக் காலையிலதான் அகராதிக்கு 'ஆண்வெறுப்பு'ன்னு ஒரு சொல் எழுதினேன். ஆம்பளைங்கற ஒரே காரணத்துக்காக ஒருத்தரை வெறுக்கறது, சந்தேகப்படறது. இங்கிலீஷ்ல மிஸாண்ட்ரி. வெறுப்புக்கு ஒண்ணு, ஆணுக்கு ஒண்ணுன்னு ரெண்டு கிரேக்கச் சொல்லை ஒட்டவெச்சுப் பண்ணினது. இப்படி ஒரு சொல் எதுக்குன்னு நினைச்சேன். உன்னைப் பார்த்தா, வெறுக்கறதுல தப்பே இல்லைன்னு தோணுது."

ஆயாவுக்குப் பொறுக்கவில்லை.

"அவரு சும்மா நிக்கலம்மா. எனக்கும் உங்களுக்கும் ஆம்புலன்ஸுக்கும் போன் பண்ணினது அவருதான். குழந்தை மூஞ்சியில வெயில் படாம தன் நிழலைப் போட்டுக்கிட்டு நின்னாரு."

"நிழல் போட்டா ஆச்சா? தொட்டுத் தூக்க என்ன கேடு?"

ஆயா கதவைக் காட்டினாள்.

அங்கே ஒட்டியிருந்த காகிதம் அகராதியம்மாவுக்குத் தெரிந்ததுதான். போன மாதம், மகளின் ஈரமான கவுனை அவர் மாற்றிவிட்டார் என்று கொதித்துப்போய், அவளே டைப் செய்து மற்ற அம்மாக்களிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தது.

'ஆண் பணியாளர் பெண் குழந்தைகளைத் தொடக் கூடாது. மீறினால் வேலைநீக்கம்.'

வாசகத்தில் ஓட்டை இருக்கக் கூடாது என்று, 'எந்தக் காரணத்துக்காகவும்' என்பதைப் பேனாவால் நடுவில் சேர்த்ததும் அவள்தான்.



வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. குழந்தை நல்ல கையை அவர் பக்கம் நீட்டியது.

"நெட்டை மாமா, தூக்கு."

நீண்ட அவர் கை பாதியில் நின்றது. அகராதியம்மாவைப் பார்த்தார்.

"தொடலாமாம்மா?"