இருபத்து நான்காவது பாட்டில்

ஒரு பெரிய கடை, தன் குளிர்பெட்டியில் உள்ளூர் சோடாக்காரர் அருளப்பனுக்கு ஒரு தட்டு ஒதுக்கியது. அவரிடம் இருந்ததே இருபத்து நான்கு கோலி சோடா பாட்டில்கள்தான். ஒன்று தொலைந்தாலும் மறுநாள் ஒரு சோடா குறையும். காலி பாட்டில்களைத் தவறாமல் திருப்பித் தருவதாகக் கடைக்காரம்மா சொல்லியிருந்தார்.

மேல்தட்டுப் பிளாஸ்டிக் பாட்டில் சிரித்தது. "என்னப்பா, தொண்டையில கோலி சிக்கிக்கிச்சா?"

"அதுதாண்ணே எங்க மூடி," என்றது கோலி சோடா. "குடிச்சதும் வீடு திரும்பிடுவோம்."

"திரும்புறதா? எங்க ஆளுங்க லட்சம் பேர் போயாச்சு. ஒருத்தன்கூடத் திரும்பி வந்ததில்ல."

மாலையில் கடைக்காரம்மா காலி பாட்டில்களை எண்ணினார். இருபத்து மூன்று. மறுபடியும் எண்ணினார். இருபத்து மூன்றேதான்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாசலில் இருந்த குப்பைத் தொட்டிக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவினார். பிளாஸ்டிக் பாட்டில்கள் ஒவ்வொன்றாக வந்தன. அவற்றை ஒதுக்கிவிட்டு இன்னும் ஆழமாகக் குனிந்தார். கடைசியில் ஒரு பச்சைக் கண்ணாடிக் கழுத்து வெளியே வந்தது. அதைக் கழுவித் துடைத்து, அருளப்பனின் சோடாப் பெட்டியில் காலியாக இருந்த குழியில் மெல்ல இறக்கினார். உள்ளே கோலி ஒருமுறை 'கிணிங்' என்றது.

 மேல்தட்டுப் பிளாஸ்டிக் பாட்டில் தாழ்ந்த குரலில் கேட்டது:

"தம்பி, ஒருத்தனுக்காகவா அந்தம்மா அவ்வளவு குனிஞ்சாங்க?"