அனுப்புநர் பெயர்

“புருஷன் மலேசியாவுல எலும்பு தேய உழைக்கிறான். இவ என்னடான்னா, நோயாளி மாமனாரைத் தனியா விட்டுட்டு மாசத்துல பத்து நாள் பஜார்ல சுத்துறா. இதையும் எழுதிக்குங்க மேடம்!”

புத்திமாயாவின் பக்கத்து வீட்டுக்காரி சொன்னதைப் பேராசிரியர் ஜமுனா எழுதிக்கொள்ளவில்லை. மறக்கவும் இல்லை.

வெளிநாடு போனவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணம் பற்றி அவருடையது இருபது வருட ஆராய்ச்சி. நேபாள மலைகளில் அவர் கால் படாத ஊர் குறைவு. புத்தகம் முடிய, பாக்கி ஒரே வீடு. புத்திமாயாவின் வீடு. மூன்று வருடமாக மாதம் தவறாமல் பணம் வருகிறதாம். ரசீதைக் கேட்டால் மட்டும் நழுவுகிறாள்.

“ரசீதைப் பார்க்காம ஒரு வரி எழுத மாட்டேன்” என்று ஜமுனா பஜாரைத் தேடி மூன்று மணி நேரம் மலை இறங்கினார்.

புத்திமாயா பஜாரில் இல்லை. திரிசூலி ஆற்றங்கரையில் இருந்தாள். முதுகில் ஈர மணல் கூடை. கூடையைத் தாங்கும் பட்டை நெற்றியில்.

ஜமுனாவைக் கண்டதும் கூடையை இறக்கிவிட்டு ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தீதி, நீங்க எனக்கு அக்கா மாதிரி. அவரு அங்கேயே வேற குடும்பம் பண்ணிக்கிட்டாரு. காசும் இல்ல, போனும் இல்ல. மாமனாருக்கு நெஞ்சு வலி. தெரிஞ்சா உயிரையே விட்டுடுவாரு. அம்மா வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்து மண்ணு சுமக்கிறேன். அந்தக் கூலியைத்தான், உங்க மகன் அனுப்பினாருன்னு மாமனார்கிட்ட குடுக்கிறேன்.”

“பொய்யை நான் புத்தகத்துல எழுத முடியாதும்மா.”

“அப்போ என் வீட்டையே விட்டுடுங்க. காட்டிக் குடுத்துடாதீங்க, தீதி!”

மறுநாள் ஜமுனா மறுபடியும் மலை ஏறினார். மாமனார் சந்திரவீர் முற்றத்தில் மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தார்.

“ரசீது கிடைக்கல, பெரியவரே. உங்க வீட்டை ஆராய்ச்சியில சேர்க்கல. சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்.”

கிழவர் நிமிர்ந்து பார்த்தார்.

“ஆத்தங்கரைக்குப் போனீங்களா?”

ஜமுனா அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“மாசம் தவறாம பணம் அனுப்புற ஆளா என் மகன்? பள்ளிக்கூடத்துக்கே பாதி நாள்தான் போனான்!”

சிரித்தவர், சட்டென்று குரலைத் தாழ்த்தினார்.

“அனுப்புறவர் பேரு என் மகன்னே எழுதிக்குங்க மேடம். எனக்கு எல்லாம் தெரியும்கிறது மட்டும் என் மருமகளுக்குத் தெரிய வேண்டாம். பாவம், உடைஞ்சு போயிடுவா.”