கையெழுத்து நேரம்

காவல் நிலையத்துக்கு எதிரே இளநீர் விற்கும் சொரிமுத்து, தினமும் பத்து மணிக்கு முன் தன் அரிவாளைப் பக்கத்துப் பூக்காரி பேச்சித்தாயிடம் கொடுத்துவிடுவான். அவள் அதை ஈரச்சாக்குக்கு அடியில் வைப்பாள். சொரிமுத்துவின் தம்பியை வெட்டிக் கொன்றவன் ஜாமீனில் வந்து, அந்நேரம்தான் நிலையத்தில் கையெழுத்துப் போடுகிறான். அவன் போன பிறகே அரிவாள் கைமாறும். அதுவரை வருகிறவர்களிடம், "பத்து நிமிசம் நில்லுங்க" என்பான் சொரிமுத்து.

இருபத்தேழாம் நாள் அவள் கையை நீட்டினாள்.

"அருவாளத் தாங்க அண்ணாச்சி."

"இன்னைக்கு வேண்டாம் தாயி. நீ பூவக் கட்டு."

கையெழுத்துப் போட்டவன் அன்று நேரே இளநீர் வண்டிக்கு வந்து, தலையைக் குனிந்து நின்றான்.

"ஒரு எளநி."

பேச்சித்தாயின் விரலில் நூல் நின்றது.

"தண்ணிக் காயா, வழுக்கையா?" என்று கேட்டபடி சொரிமுத்து அரிவாளை எடுத்தான்.