கை காட்டினால் நிற்கும்

ரயில் நிற்கவில்லை.

அவள் தரிப்பிடக் கொட்டகையின் பின்சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். காலைப் பனிமூட்டத்துக்குள், வளைவில் விளக்குத் தெரிந்ததுமே கால்கள் தாமாகப் பின்வாங்கிவிட்டன. வன்னியில் சண்டைக் காலத்தில் அப்படித்தான். பெரிய ராணுவ வண்டி இரைந்தால் வெளிச்சத்தை விட்டு விலகவேண்டும். விலகியவர்களில் சிலர் பிழைத்தார்கள்.

இது ஜெர்மனி, சனியனே, என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஊர் என்று பெயர். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஆறு, நடுவே நெருக்கியடித்துக்கொண்டு கொஞ்சம் வீடுகள். ஒரு காலத்தில் மலையில் கூரைக்கல் வெட்டினார்களாம். அந்தக் கல்லை ஏற்றத்தான் தண்டவாளம் போட்டார்கள். குவாரி மூடி எத்தனையோ காலமாகிவிட்டது. தண்டவாளம் மட்டும் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறது. அதில் ஓடும் குட்டி ரயில், மேடையில் ஆள் தெரிந்தால் நிற்கும். தெரியாவிட்டால் அது பாட்டுக்குப் போகும்.

அகதிகளைக் கொண்டுவந்து இங்கே இறக்கியவர்களுக்கு இதைச் சொல்லத் தோன்றவில்லை.

பட்டணத்தில் இன்று அவளுடைய அகதி விண்ணப்ப விசாரணை. போகாவிட்டால் கேஸை மூடிவிடுவார்கள். பிறகு கொழும்புக்கு விமானம். விமானத்தில் இருந்து இறங்கினால்...



இனி ஒரே ஒரு ரயில். அதையும் விட்டால் நேரத்துக்குப் போய்ச்சேர வழியில்லை.

வேறு நகரத்தில் இருக்கும் தங்கை தவமலர் போனில் கத்தினாள்.

"அக்கா, நீங்கள் ஒளிச்சு நிண்டா ரயில் ஓட்டுறவனுக்கு எப்பிடித் தெரியும்? முன்னுக்கு வந்து கையைக் காட்டுங்கோ. அவன் ஆமிக்காரன் இல்லை!"

ஆமிக்காரன் இல்லை. சரி.

மேடையின் நடுவுக்கு வந்தாள். மறைவதற்கு அங்கே ஒரு தூண்கூட இல்லை. தூறல் விழுந்தது. துடைக்கவில்லை.

தண்டவாளம் முனகியது.

வளைவில் விளக்கு.

ஓடு, ஓடு என்றது உடம்பு. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். வெளிச்சம் முழுவதும் முகத்தில் அடித்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சீருடை தெரிந்தது.

கை காட்டினாள்.

பிரேக் கிறீச்சிட, ரயில் நின்றேவிட்டது.

ஓட்டுநர் சன்னலைத் திறந்து எட்டிப் பார்த்துச் சிரித்தான். இந்த ரயிலை இத்தனை ஆசையாக யாரும் வரவேற்றதில்லை என்று நினைத்திருப்பான்.

கதவு திறந்தது.

அவள் அசையவில்லை. இரண்டு கைகளும் தலைக்கு மேலே இருந்தன. இறக்கலாம் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.