பூஜ்யத்துக்குப் பிறகு நாலு கிலோமீட்டர்

எலெக்ட்ரிக் காரின் திரை பூஜ்யம் காட்டியது. சார்ஜர் இன்னும் நாலு கிலோமீட்டர் தள்ளி இருந்தது.

ஷோரூமில் நானூற்றைம்பது ஓடும் என்று பெருமையடித்ததும் இதே திரைதான். முந்நூறுக்குள்ளேயே சார்ஜ் முடிந்துவிட்டது. "உன்னால் என் மானம் போகிறது" என்று அது பேட்டரியைத் திட்டியது.

"பார்க்கலாம்" என்றது பேட்டரி.

காரை ஓட்டிய கதிரேசன் ஏசியை அணைத்துவிட்டு வியர்த்துக்கொண்டிருந்தார். பின்சீட்டில் பிள்ளைகள் முறுக்கு கேட்டார்கள். "தீர்ந்துபோச்சு" என்றாள் அவர் மனைவி மங்கையர்க்கரசி.

கார் நிற்கவில்லை. மெதுவாக உருண்டு, சார்ஜர் முன்னால் போய்த்தான் நின்றது. கதிரேசன் ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்துப் பெருமூச்சு விட்டார்.

திரைக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தாயா? என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

பேட்டரி பதில் சொல்வதற்குள் மங்கையர்க்கரசி பையின் அடியிலிருந்து ஒரு முறுக்குப் பொட்டலத்தை எடுத்தாள்.

"தீர்ந்துபோச்சுன்னு சொன்னியே?" என்றார் கதிரேசன்.

"இருக்குன்னு சொல்லியிருந்தா திண்டிவனத்துலயே தீர்த்திருப்பீங்க."

"அதேதான்" என்றது பேட்டரி, திரையிடம்.