பத்து எண்ணும்வரை

படம் மூன்றாவது ஆளின் கைக்கு வந்துவிட்டது.

புகாராவின் பெரிய குளக்கரைத் தேநீர்க்கடையில் தண்ணீர்க்காரர்கள் ஏழு பேரும் அகலக் கட்டிலில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். தோல்பைகள் காலியாகக் கீழே கிடந்தன. இரண்டு மாதம் முன்பு இதே கரையில் அர்மேனியப் படக்காரர் எடுத்த படம், இன்றுதான் சமர்கந்திலிருந்து வந்து சேர்ந்திருந்தது.

"அடேய், ஷோதிக்குத் தலை வந்துடுச்சுடா!"

கடை முழுக்கச் சிரிப்பு. ஷோதியும் சிரித்து வைத்தான்.

போன வருஷம் அமீரின் கோட்டை வாசலில் எடுத்த படத்தில் எல்லாருக்கும் முகம் இருந்தது. அவனுக்கு மட்டும் கழுத்துக்கு மேல் வெறும் புகை. பத்து எண்ணும்வரை அசையக்கூடாது என்று படக்காரர் தலையில் அடித்துக்கொண்டு சொல்லியும், பின்னால் போன ஒட்டகத்தைத் திரும்பிப் பார்த்துத் தொலைத்தான். அன்றிலிருந்து அவன் தலையில்லாத ஷோதி. பெண் கேட்கப் போன வீட்டில்கூட அந்தப் பெயர் அவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது.

அதனால்தான் இந்த முறை ஆணி அடித்தாற்போல் நின்றான்.

அன்று படக்காரர் படப்பெட்டியின் மூடியைக் கழற்றிவிட்டுக் கடிகாரத்தில் கண்ணை வைத்து எண்ண ஆரம்பித்தார். மூன்று என்றபோது முதுகுக்குப் பின்னால் தொப்பென்று ஒரு சத்தம்.

தோல்பையைத் தண்ணீரில் அடித்து முக்கும் சத்தம் தண்ணீர்க்காரனுக்குப் புதிதா என்ன? யாரும் திரும்பவில்லை.

ஷோதிக்கு மட்டும் இன்னொன்றும் கேட்டது. வரிசையின் கடைசியில், படிக்கட்டை ஒட்டி நின்றவன் அவன்தான்.

"ஷோதி!"

ஒரே ஒரு தடவை. வரிசைக்கு இன்னும் வந்து சேராத நியோஸ் அண்ணனின் குரல். படத்துக்கு நேரமாகிவிட்டதே என்று, நிரப்பிய பையை முதுகில் கட்டிக்கொண்டு ஈரப்படியில் ஓடி வந்தவர். அந்தப் பையோடு விழுந்தால் எழுந்திருக்க முடியாது என்பது அவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

நாலு. ஐந்து.

இன்னும் ஐந்துதானே என்று நினைத்தான் ஷோதி. அப்படி நினைத்தது ஞாபகம் வரும்போதெல்லாம் இன்றைக்கும் தன் முகத்திலேயே துப்பிக்கொள்ளலாம்போல இருக்கும்.

பத்து முடிந்ததும் முதலில் திரும்பியவன் அவன்தான். நீலச் சாயப்பட்டறை பின்ஹாஸ், நியோஸை இழுத்துப் படியில் போட்டுக்கொண்டிருந்தான். அமீரின் ஆணைப்படி இடுப்பில் கயிறு கட்டிய யூதன். அந்தக் கயிறு நம்ம படத்தில் விழக்கூடாது, தள்ளிப் போ என்று சற்று முன்புதான் ஷோதி அவனை விரட்டியிருந்தான்.

"பிடிச்சுக்கய்யா. நான் இறங்கினதை மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதே."

ஊர் குடிக்கிற குளத்தில் யூதன் இறங்கியது தெரிந்தால் முப்பத்தொன்பது கசையடி. ஈரம் சொட்டச் சொட்டச் சந்துக்குள் ஓடி மறைந்தான். நல்லவேளை, மதிய வெயிலில் எதிர்க்கரையில் ஈ காக்கை இல்லை. படக்காரரும் தகட்டை எடுக்கக் கறுப்புத் துணிக்குள் புகுந்திருந்தார்; மற்றவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மற்றவர்கள் திரும்பிப் பார்த்தபோது நியோஸின் தலை ஷோதியின் மடியில் இருந்தது.

தண்ணீர்க்காரன் எப்போது காய்ந்திருக்கிறான்? அவன் எவ்வளவு நனைந்திருக்கிறான் என்று யாரும் பார்க்கவில்லை. அவன்தான் காப்பாற்றினான் என்று தூக்கிக் கொண்டாடினார்கள். பெரியவர்கள் கூடி அவனுக்குக் கோடு போட்ட பட்டு அங்கி போர்த்தினார்கள். முன்பு மறுத்த பெண் வீட்டாரே ஆளனுப்பினார்கள்.

உண்மையைச் சொன்னால் அடி விழப்போவது பின்ஹாஸுக்குத்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். நல்ல சமாதானம்தான். ஆனாலும் நியோஸ் தோளில் கை போடும்போதெல்லாம் அங்கிக்குள் உடம்பு கூசியது.

இப்போது படம் ஐந்தாவது ஆளிடம் இருந்தது. ஷோதி எட்டிப் பார்த்தான்.

நெஞ்சை நிமிர்த்தி, கண்ணைக்கூட இமைக்காமல் அவன் நின்றிருந்தான். அவன் தோளுக்குப் பின்னால், படியிலிருந்து தண்ணீரை நோக்கி, முகமில்லாத வெள்ளைப் புகை ஒன்று பாய்ந்துகொண்டிருந்தது.

"மீசையில எத்தனை முடின்னு எண்ணிடலாம்டா! ஆமா, பின்னால இதென்ன?"

"கண்ணாடியில அழுக்கா இருக்கும். நீ இந்தப் பக்கம் தள்ளு," என்றான் அடுத்தவன்.

ஷோதிக்கு மூச்சு வந்தது.

படம் நியோஸிடம் போனது. அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு அந்தப் புகையின்மேல் விரலை வைத்தார். மற்றவர்கள் அடுத்த கோப்பைக்குக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அன்னிக்கு நான் போட்டிருந்த சட்டை இன்னும் வீட்டுல இருக்கு," என்றார் நியோஸ், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. "நெஞ்சுல அஞ்சு விரலும் நீலமா பதிஞ்சிருக்கு. உங்க அண்ணி எவ்வளவோ அடிச்சுத் துவைச்சுப் பார்த்தா. போகல."

ஷோதி கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தான்.

"மறுநாளே பட்டறைக்குப் போய் அவனைப் பார்த்துட்டேன். வெளிய சொல்லிடாதீங்கன்னு கால்ல விழுந்துட்டான். அவன் முதுகை நினைச்சு நான் வாயை மூடிக்கிட்டேன்."

படத்தை ஷோதியின் மடியில் வைத்தார்.

"நீ எதை நினைச்சு மூடிக்கிட்ட, தம்பி?"

குரலில் கோபமே இல்லை. எப்போதும்போல் தம்பி என்றுதான் கூப்பிட்டார்.